பெரிய சங்கிலிக் கடைகளை விட்டு வெளியே வாங்குவது: எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது

பெரிய சங்கிலித்தொடர் கடைகளில் வாங்குவதைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் தேடுவது, 'அப்படியானால் எது நல்ல கடை?' என்ற கேள்விக்கான பதிலைத்தான். தேடியதும் வந்து நிற்பவை பச்சை நிற அட்டை, இலைப் படம், 'இயற்கையானது', 'பொறுப்புள்ளது' என்ற சொற்கள். இவற்றை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். ஒரு விற்பனையாளரை எடைபோட மூன்று கேள்விகள் போதும். கடைக்குச் சொந்தக்காரர் யார்? பொருளைச் செய்தவர் கைக்குப் பணம் எப்போது போகிறது? பொருள் பழுதானால் அடுத்து என்ன? சான்று முத்திரைகள் இந்த மூன்றுக்கும் துணையாக வரலாம். அவற்றை மட்டும் நம்பி வாங்கினால் பாதிதான் தெரியும்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பெரிய கடையின் பலம் விலை பேசுவதில் மட்டும் இல்லை, பணம் கொடுக்கும் தவணையிலும் இருக்கிறது. விற்ற பணம் அன்றே கல்லாவுக்கு வந்துவிடும். சரக்கு கொடுத்தவருக்கு அது போய்ச் சேர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அந்த இடைவெளியில் கூலி கொடுப்பதற்கும் மூலப்பொருள் வாங்குவதற்கும் அவர் கடன் வாங்க வேண்டும், வட்டியும் அவர் தலையில்தான். இதற்கு மேல் அலமாரியில் இடம் பிடிக்கக் கட்டணம், தள்ளுபடி விற்பனையில் பங்கு, விற்காத சரக்கைத் திருப்பி அனுப்புவது எல்லாம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் இதற்கென்றே ஒரு சட்ட நெறிமுறை கொண்டுவந்தது. சீக்கிரம் கெட்டுப்போகும் விளைபொருளுக்கு 30 நாளுக்குள், மற்ற வேளாண், உணவுப் பொருள்களுக்கு 60 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். கெட்டுப்போகும் சரக்கின் ஆர்டரை 30 நாளுக்கும் குறைவான அவகாசத்தில் ரத்து செய்யக் கூடாது. பழம் பறித்து லாரியில் ஏற்றிய பிறகு 'வேண்டாம்' என்று சொல்லப்படும் விவசாயிகள் இருந்ததால்தான் இப்படி எழுத வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிரான நடைமுறையும் எழுத்தில் இருக்கிறது. உலக நியாய வணிக அமைப்பின் 10 கொள்கைகளில் ஒன்றின்படி, கைவினைப் பொருள் ஆர்டருக்குச் செய்பவர் கேட்டால் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லா முன்பணமாகக் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரு சிறு கடையையோ இணையதளத்தையோ தொடர்புகொள்ளும்போது இப்படிக் கேளுங்கள்: 'ஆர்டர் கொடுக்கும்போது முன்பணம் எத்தனை சதவீதம் கொடுக்கிறீர்கள்? மீதியை எத்தனை நாளில் கொடுக்கிறீர்கள்?' ஒழுங்காக நடத்துபவருக்கு இது ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில், பலர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். பதிலாக 'கைவினைஞர்களின் வாழ்வை மேம்படுத்துகிறோம்' என்று ஒரு பத்தி வந்தால் உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது என்று அர்த்தம். இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாவது முறையும் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

சொந்தக்காரர் யார்?

சின்னக் கடை என்று நினைத்து வாங்குவது பெரிய நிறுவனத்தின் ஒரு கிளையாக இருக்கலாம். பழைய புத்தகங்களுக்குப் பெயர்போன ஏப்புக்ஸ் தளம் 2008 முதல் அமேசானுக்குச் சொந்தம். அமேசானைத் தவிர்க்க அங்கே போகிறவர்கள் சுற்றி வந்து அதே கல்லாவில்தான் பணம் கட்டுகிறார்கள். இயற்கை உணவுக் கடைச் சங்கிலியான ஹோல் ஃபுட்ஸை அமேசான் 2017-ல் வாங்கியது. ஐஸ்கிரீம் பிராண்டான பென் அண்ட் ஜெர்ரிஸ் 2000-ல் யூனிலீவர் கைக்குப் போனது. விலங்குச் சோதனைக்கு எதிரான பிரச்சாரத்தால் வளர்ந்த அழகுப் பொருள் கடையான தி பாடி ஷாப்பை, பெரிய அழகுசாதன நிறுவனமான லோரியால் 2006-ல் வாங்கியது, அதன் பிறகும் அது கைமாறியிருக்கிறது. நிறுவனம் கைமாறினாலே பொருள் கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. லாபம் எங்கே போய்ச் சேருகிறது, நாளை கொள்கையை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகும். தளத்தின் அடிப்பகுதியில் 'விதிமுறைகள்', 'தனியுரிமை' பக்கங்களைத் திறந்தால் சட்டப்படி பதிவான நிறுவனப் பெயர் இருக்கும். விளம்பரப் பெயரும் அதுவும் வேறாக இருப்பது சகஜம். அந்தப் பதிவுப் பெயரை அரசின் நிறுவனப் பதிவேட்டில் தேடுங்கள். பிறகு பிராண்டின் பெயரோடு 'கையகப்படுத்தல்' என்ற சொல்லைச் சேர்த்துச் செய்தியில் தேடுங்கள். பெட்டியின் பின்புறம் 'தயாரித்தவர்', 'சந்தைப்படுத்துபவர்' என்று இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் பாருங்கள். முதலாவது காலியாக இருந்து இரண்டாவது மட்டும் இருந்தால், யாரோ செய்த சரக்கில் தன் பெயரை ஒட்டி விற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரக்கே இல்லாமல் படத்தை மட்டும் வைத்து விற்கும் தளங்கள் தனி ரகம். 'எங்கள் சிறிய பட்டறையில் கையால் செய்தது' என்று எழுதியிருக்கும். பொருளின் படத்தைப் படத்தேடலில் போட்டால் அதே படம் பத்துத் தளங்களில் பத்து விலையில் வரும். மூன்று வாரம் தாண்டும் டெலிவரி, ஓயாமல் ஓடும் 'சலுகை முடிகிறது' கடிகாரம், திருப்பி அனுப்பும் முகவரி வேறொரு நாட்டில் இருப்பது: இவை மூன்றும் சேர்ந்து வந்தால் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

பெரிய தளங்களில் கடை போட்டிருக்கும் உண்மையான சிறு விற்பனையாளர்களும் உண்டு. அவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டு அவர்களது சொந்தத் தளத்திலோ நேரடியாகத் தொடர்புகொண்டோ வாங்கினால், தளத்துக்குப் போகும் கமிஷன் அவர்களிடமே நிற்கும். விலை ஒன்றாகவே இருந்தாலும் அவர்களுக்கு வித்தியாசம் பெரிது.

கூட்டுறவுக் கடை இந்தக் கேள்விக்கு வேறு விதமான பதில். இங்கிலாந்தின் ராச்டேலில் 1844-ல் 28 பேர் தொடங்கிய கடையின் விதிகளிலிருந்து வந்ததுதான் இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் அடிப்படை: எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு, உபரி வந்தால் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வது. ஆனால் பெயரில் 'கூட்டுறவு' இருந்தால் மட்டும் போதாது. உறுப்பினராக யார் சேரலாம், ஆண்டுக் கணக்கை எங்கே பார்க்கலாம், நிர்வாகக் குழுத் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வாங்குபவர்களின் கூட்டுறவு, விளைவிப்பவரிடம் விலையை அடித்துப் பேசுவதில் எந்தப் பெரிய கடைக்கும் குறையாமல் நடந்துகொள்ளலாம். விளைவிப்பவர்களோ தொழிலாளர்களோ நடத்தும் கூட்டுறவிலிருந்து நேரடியாக வாங்க வழி இருந்தால் அதற்கே என் முதல் ஓட்டு.

முத்திரைகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை

ஒவ்வொரு முத்திரையும் ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்கு மட்டும் பொறுப்பு. அதைத் தாண்டி நாமே அர்த்தம் கற்பித்துக்கொள்வதால்தான் ஏமாறுகிறோம்.

துணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்று இருந்தால் அந்தத் துணியில் தீங்கான ரசாயனங்களுக்குச் சோதனை நடந்திருக்கிறது என்று பொருள். பருத்தி இயற்கை முறையில் விளைந்ததா, தைத்தவருக்கு என்ன கூலி என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. காட்ஸ் எனப்படும் உலக இயற்கை நெசவுத் தரத்தில் 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீதம் இயற்கை முறை நார் வேண்டும். 'ஆர்கானிக் கொண்டு செய்தது' என்று போட 70 சதவீதம் போதும். இந்தத் தரம் பதப்படுத்துதல், சாயம், தொழிலாளர் நிலை ஆகியவற்றையும் பார்க்கிறது. உண்மையான காட்ஸ் முத்திரையில் சான்றளித்த அமைப்பின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். வெறும் சட்டைப் படம் மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். நியாய வணிகத்துக்கான ஃபேர்டிரேட் அமைப்பின் பருத்தி முத்திரை பருத்தி விளைவித்தவரைப் பற்றியது. நூற்பவரையும் தைப்பவரையும் சேர்த்துப் பார்ப்பதற்கு ஃபேர்டிரேட்டில் வேறு தரம், வேறு முத்திரை.

ஃபேர்டிரேட் முத்திரையின் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெட்டியின் பின்புறத்தைப் படிக்கச் சொல்கிறது. பல மூலப்பொருள் சேர்ந்த பண்டமாக இருக்கலாம், அல்லது கலப்புக் கணக்கு முறையில் வந்திருக்கலாம். கோகோ, கரும்புச் சர்க்கரை, தேயிலை, பழச்சாறு ஆகியவற்றுக்கு அந்த முறை அனுமதிக்கப்படுகிறது. அதாவது ஆலை நியாய வணிக விலையில் 10 டன் வாங்கினால் 10 டன்னுக்கு ஈடான பொருளில் முத்திரை போடலாம், ஆலைக்குள் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கலாம். விவசாயிக்குப் பணம் போவது உண்மை. உங்கள் கையில் இருக்கும் சாக்லேட் கட்டியில் அவருடைய கோகோதான் இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியாது. என்னைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்க ஏற்பாடு, ஏனென்றால் சிறு விவசாயிகளுக்கென்று தனி ஆலை ஓட்டுவது பல இடங்களில் நடக்காத காரியம்.

காகிதத்திலும் மரத்திலும் இருக்கும், காட்டைப் பொறுப்பாகப் பராமரிப்பதற்கான எஃப்.எஸ்.சி முத்திரை மூன்று வகை. '100%' என்றால் முழுவதும் சான்று பெற்ற காட்டு மரம். 'ரீசைக்கிள்டு' என்றால் மறுசுழற்சி. 'மிக்ஸ்' என்பதில் சான்று பெற்ற மரம், மறுசுழற்சிப் பொருள் இவற்றோடு, சான்று பெறாத ஆனால் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மரமும் கலந்திருக்கலாம். முத்திரைக்குக் கீழே எஃப்.எஸ்.சி-சி என்று தொடங்கி ஆறு இலக்க எண் இருக்கும். அந்த அமைப்பின் பொதுத் தேடல் பக்கத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். உரிமம் காலாவதியாகியிருக்கலாம், அல்லது அந்த எண் வேறு நிறுவனத்துடையதாக இருக்கலாம். சமூக, சுற்றுச்சூழல் பொறுப்புக்கான பி கார்ப் முத்திரை நிறுவனத்துக்கு மொத்தமாகத் தருவது. குறிப்பிட்ட பொருளுக்கு அது சான்றாகாது.

தொழிற்சாலைத் தணிக்கைச் சான்றுகளை மட்டும் வைத்து முடிவெடுப்பதில் எனக்குக் கடுமையான தயக்கம் உண்டு, காரணம் இருக்கிறது. 2012 செப்டம்பரில் கராச்சியில் தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்த அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தொழிலாளர் நிலைக்கான எஸ்.ஏ.8000 சான்று பெற்றிருந்தது. 2013 ஏப்ரல் 24-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டு கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடிவிட்டன, தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் உள்ளே அழைக்கப்பட்டார்கள். 'போக மாட்டேன்' என்று சொல்லும் பலம் அவர்களிடம் இல்லை. அதன் பிறகு வந்த தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் மற்றத் தணிக்கைகளிலிருந்து வேறுபடுவது இங்கேதான். அது பிராண்டுகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஆடை வாங்கும்போது பிராண்டிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் தொழிற்சாலைகளின் பெயரும் முகவரியும் வெளியிட்டிருக்கிறீர்களா? அந்தப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் தொடர்ச்சியான சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்களா? ஓப்பன் சப்ளை ஹப் என்ற திறந்த தரவுத்தளத்தில் தொழிற்சாலைப் பெயரைப் போட்டால் அதோடு தொடர்புள்ள பிராண்டுகளையும் பார்க்கலாம்.

மொத்தமாக வாங்கிப் பிரிப்பது

சில குடும்பங்கள் சேர்ந்து தானியம், பருப்பு, எண்ணெய், சோப்பு போன்றவற்றை விளைவிப்பவரிடமோ கூட்டுறவிடமோ நேரடியாக வாங்குவது நல்ல பலன் தரும் வழி. எட்டு முதல் பன்னிரண்டு குடும்பம் சரியான அளவு. அதற்குக் குறைந்தால் குறைந்தபட்ச ஆர்டர் எட்டாது, கூடினால் பிரிக்கும் நாள் திண்டாட்டம்.

இது உடைவது பெரும்பாலும் எடையிலும் பணத்திலும்தான். 25 கிலோ மூட்டையை ஒரு கிலோப் பொட்டலங்களாகப் பிரிக்கும்போது ஒவ்வொன்றிலும் தாராளமாக 10 கிராம் கூடுதலாக விழுந்தால், கடைசி ஆளுக்கு 240 கிராம் குறையும். தூசி, சிந்தல், மூட்டையில் ஒட்டியது வேறு. அதனால் விலைப்பட்டியலில் 3 சதவீதம் சேர்த்து வைத்துவிடுங்கள், மிஞ்சினால் அடுத்த மாத வண்டி வாடகைக்கு ஆகும். காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிய பிறகே நிறுக்க வேண்டும். பாத்திரம் மாறினால் மறுபடியும் பூஜ்ஜியமாக்குங்கள். எண்ணெயில் இன்னொரு குழப்பம் உண்டு. 15 கிலோ டின்னில் சுமார் 16.4 லிட்டர் இருக்கும், எண்ணெய் தண்ணீரை விட லேசானது என்பதால். கிலோ விலைக்கு வாங்கி லிட்டர் கணக்கில் பிரித்தால் கணக்கு உதைக்கும். வாங்கிய அலகிலேயே பிரியுங்கள்.

பணம் வந்த பிறகே ஆர்டர். 'பிரிக்கும் நாள் தருகிறேன்' என்பதை ஒருவருக்கு அனுமதித்தால் மூன்றாம் மாதம் பாதிப் பேர் அப்படித்தான் கேட்பார்கள், கடைசியில் ஒருவர் தன் கைக்காசைப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பார். ஆர்டர் எடுப்பவர், பணம் வைப்பவர், பிரித்துக் கொடுப்பவர் மூவரும் வெவ்வேறு ஆளாக இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறட்டும். ஒரே ஆள் எல்லாம் செய்தால் அவர் சலித்துப்போகும் நாளில் குழுவும் முடிந்துவிடும். மூட்டையின் தொகுதி எண்ணையும் தேதியையும் படமெடுத்து வையுங்கள். சரக்கில் குறை வந்தால் அதைச் சொல்லித்தான் மாற்று கேட்க முடியும்.

பூச்சிமருந்துப் புகை போடாத தானியத்தில் வண்டு முட்டை இருக்க வாய்ப்பு அதிகம். காற்றுப்புகாத பையில் கட்டி உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்தால் முட்டையும் அழியும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை கட்டியே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

பண்ணைக்குப் பருவத் தொடக்கத்தில் பணம் கட்டி வாராவாரம் விளைச்சலில் பங்கு வாங்கும் முறையும் உண்டு. சேரும் முன்பு இரண்டு விஷயத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: விளைச்சல் பொய்த்தால் நஷ்டம் யாருடையது, ஊரில் இல்லாத வாரத்தின் பங்கு எங்கே போகும். முதல் பருவத்தில் பாதிப் பங்கு எடுங்கள். முழுப் பங்கு எடுத்து அழுகவிட்டவர்கள்தான் மறு ஆண்டு திரும்பி வருவதில்லை.

துணியும் கருவியும்

துணியில் புதிதாக வாங்குவதை விடப் பழையதை வாங்குவது பெரும்பாலும் மேல். எதுவானாலும் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையலின் மேல் ஓர் அங்குல அளவை வைத்து எண்ணினால் சட்டைக்கு 10 முதல் 12 தையல் இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனால் சீக்கிரம் விடும். தையலின் இரு பக்கமும் கட்டைவிரல் வைத்து மெதுவாக இழுங்கள். நூல் ஏணிப்படி மாதிரி தெரிந்தால் இழுவிசை போதவில்லை. ஓரத்தில் ஒரு சென்டிமீட்டராவது மடிப்புத் துணி விட்டிருந்தால் பின்னால் பிரித்துத் தைக்கலாம். பனியன் துணியில் பக்கத் தையல் நேராக இறங்காமல் முன்பக்கம் திரும்பியிருந்தால் துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும், அதைச் சரிசெய்ய முடியாது.

பழைய கைப்பேசி வாங்குமுன் அதன் தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ-யைத் திருட்டுப் பட்டியலில் சோதியுங்கள். முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் கண்முன் முழுதாக அழித்துக் காட்ட வேண்டும். மின்கலத் திறன் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். தலைக்கவசம், குழந்தைகளுக்கான கார் இருக்கை இரண்டையும் முன்பின் தெரியாதவரிடம் பழையதாக வாங்கவே கூடாது. ஏற்கெனவே அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது.

கையில் இருப்பதைத் தூக்கிப்போட்டுவிட்டு 'நல்லது' வாங்குவது வீண் செலவு, வீண் கழிவு. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, காலநிலைப் பாதிப்பில் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஈடாக ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். கடைக்குக் கடை பை வாங்கிச் சேர்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

மின்சாதனங்களை விற்பவர் பெரிய கடையாக இருந்தாலும் சிறிய கடையாக இருந்தாலும் தயாரிப்பவர்கள் சிலர்தான், அதனால் இங்கே கடையை விடப் பொருளின் ஆயுளே முக்கியம். திருகாணியால் மூடியிருக்கிறதா, பசையால் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரான்சில் 2021 முதல் சில சாதனங்களுக்குப் பழுதுபார்க்கும் எளிமைக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். அதே மாடல் வேறு நாட்டில் விற்றாலும் அந்த மதிப்பெண்ணை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சலவை இயந்திரத்தின் முக்கிய உதிரி பாகங்கள் 10 ஆண்டும், 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் ஸ்மார்ட்ஃபோன்களின் பாகங்கள் 7 ஆண்டும் கிடைக்க வேண்டும் என்று விதி உண்டு. அங்கும் விற்கும் மாடலாக இருந்தால் பாகம் உலகில் எங்கோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். உங்களுக்கு அது கிடைக்குமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். மோட்டார், பம்ப், கதவின் ரப்பர் பட்டை, மின்பலகை என்று பாகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 'எல்லாம் கிடைக்கும்' என்ற வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டு கழித்து ஒன்றும் செய்ய முடியாது.